பாட்டு வேணும், பாடுறவன் வேணாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சினிமா விமர்சகன் இல்லை. கேமரா கோணம், எடிட்டிங் எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது பறை. மேலூர்ப் பக்கம், பெரியாத்துக் கால்வாய்த் தண்ணி பாயுற ஒரு கிராமத்தின் சேரியில், கேத வீட்டுக்குப் பறையடித்தவருக்குப் பிறந்தவன் நான். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன். தோழர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பேசித் தீர்த்துக்கொள்வோம்.

மதுரையில் ஒரு மாணவர் விடுதி அறை. பதினோரு பேர் ஒண்டிக்கொண்டு, ஒரு செல்போனைச் சொம்புமேல் சாய்த்துவைத்து 'அமர் சிங் சம்கீலா' படத்தைப் பார்த்தோம். இம்தியாஸ் அலி எடுத்தது. 2024 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. படம் முடிந்தபோது பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எம்.ஏ. படிக்கும் தம்பி ஒருவர் சொன்னார்: "நம்ம ஆளு வாழ்க்கைய எடுத்திருக்காய்ங்க தோழர். இது நம்ம படம்."

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஏன் எரிச்சல் என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு யோசித்து யோசித்துத் தெளிந்ததைத்தான் இங்கே வைக்கிறேன்.

சம்கீலா யார் என்று தெரியாத தோழர்களுக்குச் சுருக்கமாக. 1960ல் லூதியானாவை ஒட்டிய டூக்ரி கிராமத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் தனி ராம். சாமர் சாதி. தோல் வேலையோடு சேர்த்துத் தீட்டு ஒட்டப்பட்ட சாதி. கரண்டு வேலை கற்க ஆசைப்பட்டவர், துணி ஆலைக் கூலியானார். பெரிய பாடகர் ஒருவருக்கு எடுபிடியாகச் சேர்ந்து, அவருக்குப் பாட்டெழுதிக் கொடுத்து, பிறகு தானே மேடை ஏறினார். கையில் தும்பி என்கிற ஒற்றைத் தந்தி வாத்தியம். பக்கத்தில் அமர்ஜோத், அவரைவிட மேல்சாதி எனப்பட்ட குடும்பத்துப் பெண், பாட்டுத் துணையாக வந்து வாழ்க்கைத் துணையானவர். எண்பதுகளின் பஞ்சாபில் கிராமம் கிராமமாகத் திறந்தவெளியில் பாடினார்கள். கேசட்டு விற்பனையில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆபாசமாகப் பாடுகிறான் என்று மிரட்டல் வந்துகொண்டே இருந்தது. 1988 மார்ச் 8ஆம் தேதி, ஜலந்தர் மாவட்டம் மெஹ்சம்பூரில் பாடப் போய்க் காரை விட்டு இறங்கினார்கள். சுட்டுத்தள்ளினார்கள். சம்கீலா, அமர்ஜோத், குழுவில் இன்னும் இருவர், ஆக நாலு பிணம். சம்கீலாவுக்கு வயது 27. இன்றுவரை ஒருவனுக்கும் தண்டனை இல்லை.

யார் கொன்றார்கள்? மூன்று பேச்சு இருக்கிறது. தீவிரவாதிகள் என்பது ஒன்று. அவரால் பிழைப்புக் கெட்ட போட்டிப் பாடகர்கள் என்பது இன்னொன்று. மூன்றாவது, சேரிக்காரன் மேல்சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊர் முழுக்க மேடையேறிப் பாடுவதைப் பொறுக்காத சாதி வெறி. இதில் எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. ஆனால் கேமரா எதன் வீட்டு வாசலில் நிற்கிறது, எதன் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது என்று பார்க்க எனக்குக் கண் இருக்கிறது.

படம் மோசம் என்று சொல்லவில்லை. தில்ஜித் தோசாஞ்ச் சொந்தக் குரலில் பாடி நடித்திருக்கிறார். ரகுமான் இசையில் குறை சொல்ல எனக்குத் திறமை இல்லை. பிணம் விழுந்ததில் தொடங்கி, கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போலீசிடம் கதை சொல்லுவதாகப் படம் நகர்கிறது. சாதியைப் பற்றி ஒன்றிரண்டு இடத்தில் சுரீர் என்று பேச்சு வருகிறது. உடனே வேறு வேலைக்குப் போய்விடுகிறது. படத்தை ஓட்டிச் செல்லும் கேள்வி வேறு: 'ஒரு கலைஞன் சனங்கள் கேட்பதைப் பாடலாமா, கூடாதா?' அழகான கேள்விதான். கருத்தரங்கத்தில் வைத்து ரெண்டு நாள் பேசலாம். ஆனால் அந்தக் கேள்வியைத் தூக்கி முன்னால் வைத்ததும், ஆலைக்கூலி எவ்வளவு, பாட்டெழுதிக் கொடுத்தவனுக்கு என்ன கிடைத்தது, கேசட்டுக் கம்பெனி எவ்வளவு அள்ளியது, ஜாட் பண்ணையார் வீட்டுக் கல்யாணத்தில் பாடப் போனவன் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான் என்கிற கேள்விகள் எல்லாம் பின்வரிசைக்குப் போய்விடுகின்றன. ஒரு சமூகத்தின் குற்றம் ஒரு கலைஞனின் விதியாக மாறிவிடுகிறது. விதிக்குத் தண்டனை கொடுக்க முடியாது. எல்லாரும் அழுதுவிட்டுக் கலைந்து போகலாம்.

நான் சொல்ல வந்தது இதுதான். பாட்டுக்காரன் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுபோகிறவர்கள் அவன் ஆசையை, அவன் குடியை, அவன் சாவை எடுத்துக்கொள்கிறார்கள். அவன் கூலியையும் அவன் சாதியையும் ஊர் எல்லையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இது இந்திக்காரனின் தனித் திறமை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 'கன்ட்ரி' என்று ஒரு இசை. நம்மூர்த் தெம்மாங்கு மாதிரி, நாட்டுப்புறத்து ஏழை வெள்ளையனின் பாட்டு என்று சொல்லி விற்கப்படுவது. அதன் பழைய நட்சத்திரங்கள் பட்ட பாட்டைப் படமாகவும் தொடராகவும் எடுப்பது அங்கே தனித் தொழில். 2022ல் 'ஜார்ஜ் அண்ட் டாமி' என்று ஆறு பகுதித் தொடர். ஜார்ஜ் ஜோன்ஸ் பாடகர், டாமி வைனெட் பாடகி. குடி, மாத்திரை, கல்யாணம், சண்டை, விவாகரத்து. 2005ல் ஜானி கேஷ் பற்றி 'வாக் தி லைன்'. அதிலும் மாத்திரை, காதல், மீட்சி. 1980ல் லொரெட்டா லின் பற்றி 'கோல் மைனர்ஸ் டாட்டர்'. அந்தப் படத்திலாவது நிலக்கரிச் சுரங்கமும் அப்பன் முகத்தில் படிந்த கரியும் தெரிகின்றன என்பதால் அதைக் கொஞ்சம் மதிக்கிறேன்.

ஆனால் அந்த இசை யாருடையது? அதில் டிங்கு டிங்கு என்று கேட்கும் பாஞ்சோவை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது கப்பலில் விலங்கிட்டு இழுத்துவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள். சுரைக்குடுக்கையில் தோல் கட்டிச் செய்த வாத்தியம். ஹேங்க் வில்லியம்ஸ் என்ற மகா நட்சத்திரத்துக்குச் சின்ன வயதில் கிதார் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பேன் என்ற கறுப்புத் தெருப்பாடகர். 1939ல் செத்தார். அவரைப் புதைத்த குழி எது என்றுகூடத் தெரியாது. டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பர், மவுத்தார்கன் வாசித்தவர், நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர். கூட வாசித்த வெள்ளையர் தங்கிய ஓட்டலில் அவருக்கு அறை கிடையாது. 1941ல் வேலையை விட்டு நீக்கினார்கள். மிச்ச வாழ்நாளில் நாஷ்விலில் பூட்ஸ் துடைத்துப் பிழைத்தார். 1982ல் இறந்தார். 2005ல், செத்து 23 வருஷம் கழித்து, கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். இந்த பெய்லியை நாயகனாக வைத்து ஒரு தொடர் நான் பார்த்ததில்லை. பூட்ஸ் துடைத்த பெட்டி, தோல் கட்டிய குடுக்கை. கேட்கிறபோது எங்கேயோ நம் தெருவில் நடந்த மாதிரி இல்லை?

நம் தெருவுக்கே வருவோம்.

சேரியிலிருந்து வந்த ஒரு பாட்டுக்காரன் வாழ்க்கையைத் தமிழில் முதலில் கதையாக்கியது சினிமா இல்லை, பெரியபுராணம். நந்தன் என்ன வேலை செய்தான் என்று சேக்கிழார் மறைக்கவில்லை. கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவன். யோசித்துப் பாருங்கள் தோழர்களே. உள்ளே ஒலிக்கிற அத்தனை வாத்தியத்துக்கும் தோலும் நரம்பும் அவன் கொடுத்தது. அவன் மட்டும் உள்ளே போகக்கூடாது. போக ஆசைப்பட்டபோது நெருப்பில் இறங்கு என்றார்கள். தோல் உள்ளே போனது, ஆள் வெந்து போனான். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதைக் கீர்த்தனையாகப் பாடியபோது, புராணத்தில் இல்லாத ஒரு பண்ணையாரை, வேதியரை, உள்ளே கொண்டுவந்தார். அப்பாடா, கூலியும் முதலாளியும் கதைக்குள் வந்தாச்சு என்று பார்த்தால், நாற்பது வேலி நிலத்து வேலையை ஒரே ராத்திரியில் சாமி முடித்துக்கொடுத்து விடுகிறது. காலம் காலமாய்ச் சேரி பார்த்த வேலை அற்புதமாகிப் போனது. 1935ல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். 1942ல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாகப் பாடினார். தமிழ்நாடே உருகியது. பாட்டுக்கு உருகிய சனம் ஊருக்குத் திரும்பிப் போய்த் தன் வீட்டுக் கொல்லையில் நின்ற பண்ணையாளுக்குச் சிரட்டையில்தான் தண்ணி ஊத்தியது.

அம்பேத்கர் 1948ல் 'தீண்டப்படாதவர்கள்' நூலை மூன்று பேர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா. மூன்று பேரும் பாடியவர்கள். ரவிதாஸ் சம்கீலாவின் சாதிக்காரர். அம்பேத்கருக்குத் தெரிந்திருக்கிறது, இந்த நாட்டில் பாட்டுக்கும் பிணத்துக்கும் என்ன உறவு என்று.

எங்கள் மதுரைக்கு வாருங்கள். மீனாட்சி கோயிலின் கிழக்கு வாசலில் மதுரை வீரன் நிற்கிறான். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட அருந்ததியர் வீரன். கோடாங்கியும் கதைப்பாட்டும் சுமந்துவந்த கதையில் எப்போதோ ஒரு ராசா வீட்டுப் பிறப்பு ஒட்டிக்கொண்டது. 1956ல் எம்.ஜி.ஆர். நடித்த படம் அந்த ஒட்டுப்போட்ட பிறப்பை இறுக்கித் தைத்துவிட்டது. சக்கிலியர் வீட்டுப் பிள்ளை என்றால் வீரம் எங்கிருந்து வரும்? ஆகவே காட்டில் போட்ட அரசகுமாரன், தைக்கிறவர் எடுத்து வளர்த்தார். வளர்த்த அப்பனாக என்.எஸ்.கிருஷ்ணன் வந்து சிரிக்க வைத்தார். வெட்டுப்பட்டது நம் உடம்பு, ரத்தம் மட்டும் ராசா ரத்தமாம்.

1989ல் 'கரகாட்டக்காரன்'. மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய படம். நானும் பார்த்தேன், எத்தனை தடவை என்று கணக்கில்லை. பண்ணைப்புரத்துக்காரர் கங்கை அமரன் எடுத்தார், அண்ணன் இளையராஜா இசை. எங்கள் மேளம் அத்தனை பெரிய திரையில் அதிர்ந்தபோது உடம்பு புல்லரித்ததை மறைக்கமாட்டேன். ஆனால் அந்தக் கரகாட்டக்காரன் என்ன சாதி? தெரியாது. ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு என்ன கூலி? தெரியாது. அச்சாரம் யார் கொடுத்தது, மிச்சப் பணம் வந்ததா? தெரியாது. வாழைப்பழக் கணக்கு தமிழ்நாட்டுக்கே மனப்பாடம். அந்தச் செட்டின் கூலிக் கணக்கு மட்டும் ஒருத்தனுக்கும் தெரியாது. கடைசியில் அங்கேயும் நாயகனும் நாயகியும் நெருப்பில் இறங்குகிறார்கள். நந்தன் காலத்திலிருந்து நம் கலைஞனுக்கு நெருப்பை விட்டால் வேறு முடிவு எழுதத் தெரியவில்லை இவர்களுக்கு.

அடுத்து இந்த 'ஆபாசம்'.

சம்கீலாவைக் கொல்வதற்கு முன்னால் அவர்மேல் எழுதப்பட்ட சொல் இது. இங்கே நம் கரகாட்டக்காரிமேல் எழுதியிருப்பதும் இதே சொல். திருவிழாக் காலம் வந்தால் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆடல் பாடலுக்கும் கரகாட்டத்துக்கும் அனுமதி கேட்டு மனு மேல் மனு வரும். அனுமதி கிடைத்தால் கூடவே நிபந்தனையும் வரும். ஆபாச ஆட்டம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது. சரி, கூடாதுதான். ஆனால் இரட்டை அர்த்தம் கேட்பது யார்? விழாக் கமிட்டி கேட்கிறது. முன்வரிசையில் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவீட்டுப் பையன் கேட்கிறான். ரூபா நோட்டை ஊக்கோடு எடுத்துக்கொண்டு மேடையேறி ஆடுகிறவள் ஜாக்கெட்டில் குத்துகிறான். அவள் சிரிக்க வேண்டும், சிரிக்காவிட்டால் மிச்சக் கூலி வராது. விடிந்ததும் ஆபாசம் யார் பெயரில் எழுதப்படுகிறது? அவள் பெயரில். க்ஷேத்ரக்ஞர் பதத்தில் இல்லாத கட்டில் விவகாரமா? அதைச் சபாவில் பாடினால் சிருங்காரம், பாவம், அபிநயம். எங்கள் அக்கா மேலூர்ச் சந்தைத் திடலில் பாடினால் போலீசு.

இந்த இடத்தில் நம்மவர்களையும் ஒரு கேள்வி கேட்கணும். சம்கீலாவின் பாட்டில் பொம்பளையைக் கேலிப்பொருளாக்கும் பாட்டு நிறைய உண்டு. கொழுந்தியா, மச்சினன், கள்ள உறவு என்று சனங்களைச் சிரிக்க வைத்த பாட்டு. ஒடுக்கப்பட்டவன் பாடினான் என்பதற்காக அதைக் கலகம் என்று கொண்டாட நான் தயாரில்லை. கூடவே நின்று பாடிய அமர்ஜோத்துக்கு அந்தப் பாட்டைப் பற்றி என்ன கருத்து? சாதி தாண்டி வந்தவள், ஏற்கனவே கல்யாணமான ஆளுக்கு வாழ்க்கைப்பட்டவள், அவன் மேல் பாய்ந்த அதே துப்பாக்கிக்கு முன்னால் நின்றவள். படத்தின் பெயரில் அவள் இல்லை. படத்துக்குள்ளும் அதிகம் பேசாமல் பாடிவிட்டுப் போகிறாள். நாமும் அவளைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினோமா?

இதையெல்லாம் இவ்வளவு ஆத்திரமாக எழுதக் காரணம் உண்டு. சொல்கிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னால், மாசி மாதம், ரெண்டு தம்பிகள் காரில் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். பறைக் கலைஞர்கள் பற்றி ஒரு தொடர் எடுக்கப் போகிறார்களாம், கதை சேகரிக்கிறார்களாம். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. நல்ல பிள்ளைகள். பாயில் உட்கார்ந்தார்கள், தண்ணி வாங்கிக் குடித்தார்கள். என் அய்யாவைப் பற்றிக் கேட்டார்கள். அந்த வட்டாரத்தில் அவர் கை மாதிரி வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஐயா குடிப்பாங்களா சார்?"

குடிக்கமாட்டார் தம்பி. வெத்தலைதான்.

"கரகாட்ட செட்டுல யார் கூடயாவது... அந்த மாதிரி ஏதாச்சும்?"

இல்லை தம்பி. எங்க ஆத்தா இருக்காங்க, கேக்குறீங்களா?

"எப்படி இறந்தாங்க?"

வயசாகிச் செத்தார்.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார். "டிராமா பத்தலையே சார்" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

நான் சொன்னேன். தம்பி, 1986ல் ஒரு கேதத்துக்கு ரெண்டு நாள் அடித்தால் நாலு பேருக்கும் சேர்த்து 60 ரூபாய். பிணம் எடுக்கிறவரை சோறு கிடையாது. சோறு போட்டாலும் மாட்டுக்கொட்டத்துக்கு அங்கிட்டு. தோல் தொய்ந்தால் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சக்கூட அவன் களத்தில் இடம் கேட்கணும். அறுப்புக் காலத்தில் களத்துக்குப் போய் நின்றால் மரக்கால் நெல்லு, அதுவும் தூசியோடு. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அடிக்கணும், தோளில் போட்டால் அடி. 1994ல் எங்கள் சேரிப் பையன்கள் கூடி, இனிமேல் சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று முடிவெடுத்தோம். அதற்கப்புறம் ஆறு மாசம் எங்களுக்கு வயல் வேலை இல்லை, ஊர்க் கடையில் சாமான் இல்லை, வரப்பில் நடக்க வழி இல்லை. டிராமா கேட்டீங்களே தம்பி, இது பத்தாதா?

தலையாட்டினார்கள். எழுதிக்கொள்ளவில்லை. கார் போய்விட்டது.

அவர்களைத் திட்டிவிட்டு நான் நல்லவனாகிவிட முடியாது. அன்று ராத்திரி ஆத்தா சொன்ன ஒரு வார்த்தையை இங்கே எழுதியே ஆகணும். "அந்தப் பயலுக கேட்டது இருக்கட்டும். அடிக்காதேன்னு நீங்க முடிவு பண்ணப்போ, உங்க அய்யாகிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

கேட்கவில்லை. அவமானத்தின் சின்னம், உடைத்தெறி என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் துணியில் சுத்தி, பறையைப் பரணில் ஏற்றிவிட்டார். முடிவு சரி. இன்றைக்கும் அதை மாற்றச் சொல்லமாட்டேன். ஆனால் கடைசி வருஷங்களில் கயித்துக்கட்டில் சட்டத்தில் அவர் விரல் தாளம் போட்டுக்கொண்டே இருந்ததை நான் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி இருந்தேன். சினிமாக்காரனுக்கு அவர் சாவு வேண்டியிருந்தது. எங்களுக்கு அவர் அவமானம் வேண்டியிருந்தது. அவருக்கு என்ன வேண்டும் என்று ரெண்டு பேருமே கேட்கவில்லை.

கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதையும் பதிவு செய்யணும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்று நாம் அழைத்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புறச் சனங்களின் மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். 2005ல் அவர் மறையும்வரை அதை விடவில்லை. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவில் நம் பெண்கள் பறையைக் கையில் எடுத்துச் சாவு மேளத்தை மேடை மேளமாக மாற்றினார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சம்கீலாவைச் சுட்ட அதே ஜலந்தர் மாவட்டத்திலிருந்து கின்னி மாஹி என்ற பெண், சாமர் என்ற சாதிப் பெயரையே பாட்டின் தலைப்பாக்கி 2016ல் பாடினாள். நெருப்பில் இறங்காமல், குண்டடி படாமல், பாடிக்கொண்டே இருக்கிறவர்கள் இவர்கள். இவர்கள் கதையில் 'டிராமா' பத்தவில்லை என்று சொல்லும் சினிமாவுக்கு நம் கண்ணீரை ஏன் இலவசமாகக் கொடுக்கணும்?

விருதைக் கண்டு மயங்கவும் வேண்டாம். டெல்லியில் பறைக்கு மரியாதை நடக்கிறது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கேதம் விழுந்தால் இன்னும் சேரிக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள். ரெண்டும் ஒரே நாட்டில் நடக்கிறது.

ஆகவே, விடுதியில் என்னோடு படம் பார்த்த தம்பிகளுக்கு நான் சொல்வது: அடுத்து ஒரு படம் வரும். நம் பாடகனைப் பற்றி, நம் ஆட்டக்காரியைப் பற்றி. கட்டாயம் வரும், இப்போது நம் வாழ்க்கைக்கு மார்க்கெட் இருக்கிறது. பாருங்கள், அழ வந்தால் அழுங்கள். அழுது முடித்ததும் நாலு கேள்வி கேளுங்கள். இவனுக்கு என்ன கூலி? அதை யார் வைத்துக்கொண்டார்கள்? எங்கே உட்காரவைத்துச் சோறு போட்டார்கள்? கொன்றவன் பெயர் படத்தில் உண்டா? நாலுக்கும் பதில் இல்லையென்றால், உங்கள் கண்ணீரை வாங்கிக்கொண்டு போன படம் அது. நம்ம படம் என்று சொல்லாதீர்கள்.

தெருவுக்குக் கேமரா வந்தால் விரட்ட வேண்டாம். உட்காரச் சொல்லுங்கள். முதலில் பேச்சை எழுத்தில் வாங்குங்கள்: யார் பெயர் போடுவீர்கள், எவ்வளவு கொடுப்பீர்கள், எடுத்ததை எங்களுக்குக் காட்டுவீர்களா என்று. பறையை வைத்துக்கொண்டு சிரிக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் சேரியில் அடிக்கிறவர், ஊதுகிறவர், ஆடுகிறவர், ஒப்பாரி பாடுகிற கிழவி யார் இருந்தாலும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். யாரிடம் கற்றார்கள், முதல் கூலி எவ்வளவு, எந்த ஊரில் எதற்கு அடி வாங்கினார்கள், எந்த மேடையில் சந்தோஷமாக இருந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இயக்கத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன வருத்தம் என்பதையும் கேட்டு எழுதுங்கள், அதை வெட்டாதீர்கள். எழுதி அனுப்பினால் இந்த இதழில் இடம் ஒதுக்க வேண்டும் என்று ஆசிரியர் தோழரிடம் பேசியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.

அய்யாவின் பறையைப் போன வாரம் பரணிலிருந்து இறக்கினேன். வேப்பஞ்சட்டம் கல்லு மாதிரி இருக்கிறது. தோல் மட்டும் கிழிந்துபோய்விட்டது. புதுத்தோல் கட்டக் கொடுத்திருக்கிறேன். கூலி எவ்வளவு என்று கேட்டு, கேட்டதைக் குறைக்காமல் கொடுத்தேன்.